சிமெண்டைக் கழற்றிச் சுண்ணாம்பு வைத்தோம்: ஒரு காட்ஸ்வோல்ட் பண்ணை வீட்டின் மேற்குச் சுவர்

இங்கிலாந்தின் வின்ட்ரஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பர்ஃபோர்டு ஊருக்கு மேற்கே, நாங்கள் குடியிருப்பது 17ஆம் நூற்றாண்டுக் கல் வீடு. பண்ணை வீடாகக் கட்டப்பட்டது. அதன் மேற்குச் சுவரில் கற்களுக்கு இடையே உள்ள இடுக்குகளை அடைத்திருந்த சிமெண்ட் பாயிண்டிங்கை எல்லாம் எடுத்துவிட்டு, இந்தக் கோடையில் சுண்ணாம்புச் சாந்து வைத்து முடித்திருக்கிறோம். சுண்ணாம்பு வேலையிலேயே காலம் கழித்த உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் முன்னின்று செய்தார். நான் சித்தாள் வேலையில் ஆரம்பித்து, கடைசியில் கரணை பிடிக்கும் அளவுக்கு வந்தேன். கல் வீட்டில் குடியிருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும் என்பதால் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியின் பண்ணை வீடுகளுக்கு ஏறக்குறைய ஒரே முகம்தான். நடுவில் கூடம், ஒரு பக்கம் நல்ல அறை, மறுபக்கம் பால், பாலாடைக்கட்டி வேலைகளுக்கான குளிர்ந்த அறை. கூடத்தில் ஒரு ஆள் உள்ளே நின்று பார்க்கக்கூடிய பெரிய அடுப்பங்கரை. அதன் மேலே குறுக்காக ஓர் ஓக் மர உத்திரம். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் சுழன்று ஏறுகிறது கல் படிக்கட்டு. வெளியே நின்று பார்த்தால் சன்னல்கள்தான் முதலில் கண்ணில் படும். மெல்லிய கல் தூண்களை நட்டுச் சன்னலைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். தரைத்தளத்தில் நான்கு பகுதி, மாடியில் மூன்று, கூரையை ஒட்டிய முக்கோணச் சுவரில் இரண்டு. மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால் சாதாரணப் பண்ணை வீட்டுக்கும் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. ஒவ்வொரு சன்னலுக்கும் மேலே சுவரிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு கல் வரி ஓடும். இரு முனைகளும் கீழ்நோக்கி மடிந்திருக்கும். பார்க்க அலங்காரம் மாதிரி இருந்தாலும் அதன் வேலை மழைநீரைச் சன்னலின் மேல் விடாமல் இரு பக்கமும் தள்ளிவிடுவது.

இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். கட்டியவர்கள் அதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். கூரை 50 டிகிரிக்கு மேல் செங்குத்து. கல் ஓடு தண்ணீரை உறிஞ்சும், அதனால் நீர் அதன் மேல் நிற்கவே கூடாது. கூரையின் கீழ் விளிம்பில் சரிவைச் சற்றே தணித்து வெளியே நீட்டியிருக்கிறார்கள். மழைநீர் சுவரில் வழியாமல் எட்டிப் போய் விழும். அந்தக் காலத்தில் இந்த வீடுகளுக்கு மழைநீர்க் குழாயே கிடையாது.

சுவர் சுமார் 55 செ.மீ. கனம். வெளிப்பக்கம் ஒரு கல் வரிசை, உள்பக்கம் ஒரு கல் வரிசை, நடுவில் கல் சில்லும் மண்ணும். இரண்டு வரிசையும் பிரிந்து போகாமல் இருக்க அங்கங்கே நீளமான கற்களைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். கற்களை அடுக்கிய சாந்து பெரும்பாலும் மண்தான்; வெளி இடுக்குகளை மட்டும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்திருந்தார்கள். இந்தச் சுவர் மழையில் நனையும், காற்றடித்தால் உலரும். உள்ளே போன ஈரம் வெளியே வர ஒரு வழி வேண்டும். அந்த வழி கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்துதான். ஈரமும் உப்பும் உறைபனியும் கொண்டுவரும் சேதத்தை எல்லாம் சாந்து வாங்கிக்கொள்ளும். நூறு வருடத்துக்கு ஒருமுறையோ என்னவோ சாந்தை மாற்றினால் போதும், கல் அப்படியே இருக்கும்.

சிமெண்ட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. லீட்ஸைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். 20ஆம் நூற்றாண்டில் அது எல்லா இடத்திலும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், பழைய வீடுகளின் இடுக்குகளையும் அதைக் கொண்டே அடைத்தார்கள். எங்கள் மேற்குச் சுவரிலும் எப்போதோ யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள். சிமெண்ட் வழியாக ஈரம் வெளியேறாது. அப்போது அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி கல்தான். ஈரம் கல்லின் முகத்துக்கு வந்து உலரும்போது உப்பு அங்கேயே படியும், பனிக்காலத்தில் உறைந்து விரியும். கல் உதிரும்.

படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே இருந்த ஒரு கல்லைச் சொன்னால் விளங்கும். தேன் நிறம், இரண்டு கை அகலம். அதைச் சுற்றி நாலாபுறமும் சிமெண்ட் வரம்பு அப்படியே முறைப்பாக நிற்கிறது; நடுவில் கல் ஒரு விரல் ஆழத்துக்குக் குழிந்து உள்ளே போயிருக்கிறது. கட்டை விரலால் தேய்த்தால் மஞ்சள் பொடி கையோடு வந்தது. கண்ணருகே வைத்துப் பார்த்தால் அத்தனையும் மீன் சினை போன்ற சின்னச் சின்ன உருண்டைகள். ஜுராசிக் காலத்தின் இளஞ்சூடான ஆழமற்ற கடலில், மணல் துகள்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உருண்டு உருவானவை அவை. அதே இடத்தில் வீட்டுக்குள்ளே பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளை உப்புப் பூத்து, ஓதம் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. ஓதத்துக்கு இங்கே பலரும் முதலில் யோசிப்பது சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றும் சிகிச்சையைத்தான். மண்ணும் சில்லும் நிரம்பிய சுவரில் அது முழுதாகப் பரவவே பரவாது. நீர் எங்கிருந்து வருகிறது, ஏன் வெளியே போக மாட்டேன் என்கிறது என்று பார்ப்பதுதான் சரியான தொடக்கம்.

ஆகவே சுவரைத் தொடும் முன் தரையைத் தொட்டோம். காலப்போக்கில் மேற்குப் பக்க மண் மட்டம் உயர்ந்து, வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட மேலே போயிருந்தது. அதை வெட்டி இறக்கி, சுவரை ஒட்டி ஆழமில்லாத கால்வாய் எடுத்து, உடைத்த கல் நிரப்பி, நீர் சரிவில் ஓடிவிடும்படி செய்தோம். அடித்தளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெரிய கற்களை மண்ணில் பரப்பி அதன்மேலேயே சுவரை எழுப்பியிருக்கிறார்கள். அதற்குக் கீழே தோண்டினால் சுவர் ஆடிவிடும். அந்த மட்டத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அனுமதி விஷயம். வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கப்படும் கட்டடங்களில் ‘இரண்டாம் தரம்’ (Grade II) என்ற வகையில் இந்த வீடு இருக்கிறது. 1700க்கு முன் கட்டப்பட்டு ஓரளவு அப்படியே நிற்கும் கட்டடம் என்றால், அநேகமாக இந்தப் பட்டியலில் இருக்கும். அப்படி இருந்தால், அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதி இல்லாமல் செய்வது 1990ஆம் வருடச் சட்டப்படி குற்றம். உள்ளதை உள்ளபடி பழுது பார்ப்பதற்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. ஆனால் சுவரின் தோற்றமே மாறும் வேலை என்பதால் உள்ளூராட்சியின் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நாங்கள் ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து காட்டினோம். பிறகு வௌவால்கள். இங்கே எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கூரையில் மட்டுமில்லாமல் சுவர் இடுக்கிலும் தங்கும். இடுக்கை அடைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒன்றும் செய்யக்கூடாது.

சரி, இனி சிமெண்டை எடுத்த கதை. கொத்தனார் முதல் நாளே கட்டிங் மெஷினை வண்டியிலேயே விட்டுவிட்டார். குறுகின இடுக்கில் அந்தத் தகடு ஒரு நொடி தடம் மாறினால் இரண்டு கல்லின் ஓரமும் போய்விடும். அந்தக் காயத்துக்கு மருந்து கிடையாது. கனம் குறைந்த உளியும் சுத்தியலும்தான். சிமெண்ட் வரம்பின் நடுவில் அடித்து முதலில் அதை உடைக்க வேண்டும், பிறகு கல்லை விட்டு விலகும் திசையில் தட்டி எடுக்க வேண்டும். ஈரம் தேங்கியிருந்த இடங்களில் சிமெண்ட் ஏற்கெனவே பிடிப்பு விட்டு, நீளநீளப் பட்டையாக விழுந்தது. பட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் பச்சைப் பாசி. அதற்குப் பின்னால் மண் சாந்து சேறாகக் கிடந்தது. எத்தனை மழையின் நீரோ! மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்க, சுவரின் உள்ளிருந்து நீர் கசிந்து கீழே ஒரு கறை இறங்கியது.

இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் எடுக்க வேண்டும், குறைந்தது 25 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. எங்கள் சுவரில் சில இடங்களில் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அந்த இடங்களில் அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தோம், எடுத்ததை அடைத்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனோம். பழைய கொத்தனார்கள் கல்லைச் சமன் செய்ய இடையே செருகியிருந்த மெல்லிய சில்லுகள் ஏராளமாக வந்தன. பாதிக்கு மேல் உடைந்த கல் ஓட்டுத் துண்டுகள். சிலவற்றில் ஆணித் துளைகூட அப்படியே இருந்தது. கூரை வேய்ந்தவர்கள் கீழே போட்டதைச் சுவர் கட்டியவர்கள் பொறுக்கியிருக்கிறார்கள். அவற்றை ஒரு வாளியில் சேர்த்து வைத்தோம், திரும்ப வைக்க வேண்டியவை.

கல்லை மாற்றுவதில் கொத்தனார் கஞ்சத்தனமாகவே இருந்தார். சன்னல் அடியில் குழிந்திருந்ததாகச் சொன்னேனே, அந்தக் கல்லையே மாற்ற விடவில்லை. “இன்னும் சுமை தாங்குகிறது, இதன் வேலை முடியவில்லை” என்றார். பாரம் தாங்க முடியாமல் பிளந்த சில கற்களுக்கு மட்டும் புதுக் கல் வந்தது. புதிதாக வைக்கும்போது கல் குவாரியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுக்க வைக்க வேண்டும். படிவுகளை நிமிர்த்தி வைத்தால் அடுக்கடுக்காக உரிந்துவிடும். இந்தப் பக்கத்துக் கல்லுக்குப் பெரிய பரம்பரை உண்டு. பக்கத்து ஊரான டெய்ன்டனின் கல் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளுக்கும் பிளென்ஹைம் மாளிகைக்கும் போயிருக்கிறது. அந்த ஊரில் குவாரி வைத்திருந்த ஸ்ட்ராங் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் ஸ்ட்ராங், 1675இல் தொடங்கிய லண்டன் செயின்ட் பால் தேவாலயப் பணியில் தலைமைக் கொத்தனார்களில் ஒருவர். பர்ஃபோர்டு குவாரிக்காரரான கிறிஸ்டோபர் கெம்ப்ஸ்டரும் அங்கே வேலை செய்தவர். அதே கைத்தொழில் மரபில் வந்தவர்கள்தான் இந்தப் பண்ணை வீடுகளையும் எழுப்பினார்கள் என்பதை, மூலைக்கல்லில் ஓடும் உளித் தடத்தைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இப்போது சாந்து. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடும். கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சாந்தாகச் சுவரில் ஏறியதும் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிவிடும். நாங்கள் பழைய முறைப்படி சுட்ட சுண்ணாம்பையும் மணலையும் ஒன்றாகவே கலந்து நீற்றினோம். அளவு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். நீறும்போது சுண்ணாம்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகுவதால், கடைசியில் சாந்து நல்ல கொழுப்பாக, கரணையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் பட்டதும் குவியல் வெடித்து ஆவி கிளம்பும். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, பக்கத்திலேயே கண் கழுவும் நீர், இவை இல்லாமல் அதன் அருகே போகவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் பார்வையே போய்விடலாம்.

சாந்தின் நிறம் மணலில் இருந்து வருகிறது. அதனால் மணல் தேர்வுக்குத்தான் அதிக நேரம் ஆனது. முனை மழுங்காத கழுவிய மணல், பொடியிலிருந்து பருக்கை வரை எல்லா அளவும் கலந்தது. அதோடு உள்ளூர்க் கல்லை இடித்த தூளும் கொஞ்சம். வீட்டின் பின்பக்கத்தில் சிமெண்ட் படாத ஓர் இடத்தில் பழைய சாந்து மிச்சம் இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்து உடைத்து, புதிய மாதிரிகளோடு வைத்துப் பார்த்து, உலர்ந்த பிறகு எது அதோடு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொண்டோம். ஈரமாக இருக்கும்போது நிறத்தை நம்பக் கூடாது.

வைக்கும் முறை. முந்தின நாள் மாலை சுவரை நனைக்க வேண்டும், காலையில் இன்னொரு முறை. காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் சாந்து இறுகாமல் பொடியாகவே நிற்கும். ஆழமான இடுக்கில் ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. அடுக்கடுக்காக, நடுவில் வாளியில் சேர்த்த சில்லுகளைத் தட்டிச் செருகிக்கொண்டே போக வேண்டும். சில்லு நிறைந்தால் சாந்து சுருங்குவது குறையும், வெடிப்பு வராது. மெல்லிய கரணையால் சாந்தை உள்ளே அழுத்தித் தள்ள வேண்டும். மேலே இழுத்துப் பூசவோ, கல்லின் ஓரத்தில் ஏற விடவோ கூடாது.

அப்புறம் அப்படியே விட்டுவிட்டுப் பொறுக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கீறல் விழ வேண்டும். அந்தப் பதம் வரும்போது, விறைப்பான மயிர்த் தூரிகையின் நுனியால் சாந்தைத் தட்டுவோம். தேய்ப்பது கிடையாது, தட்டுவது மட்டும். மேலே திரண்டிருக்கும் சுண்ணாம்புப் பாலாடை உடைந்து மணல் பருக்கைகள் வெளியே தெரிய வரும். சாந்தும் இன்னும் இறுகும். பருக்கை தெரியும் முகம் நீரை வெளியேற்ற அதிகப் பரப்பைத் தரும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். காலையில் வைத்தது மதியம் பதம் வரும் நாளும் உண்டு, மறுநாள் காலை வரை காக்க வைத்த மேகமூட்ட நாளும் உண்டு.

தட்டி முடித்த சுவரில் ஈரக் கோணிச்சாக்கு தொங்கவிட்டு, வாரத்துக்கும் மேலாக அவ்வப்போது நீர் தெளித்தோம். வெயிலும் காற்றும் நேராக அடிக்காமல் சாரத்துக்கு வெளியே வலையும் கட்டினோம். உறைபனி சாந்து இறுகும் முன் வந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் சுண்ணாம்பு வேலையே வேண்டாம். ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பருக்குள் முடிப்பது பாதுகாப்பு.

சாந்து எவ்வளவு ஆழம் கல்லாகியிருக்கிறது என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. சில வாரங்கள் கழித்து, ஓரத்தில் வைத்திருந்த மாதிரித் துண்டு ஒன்றை உடைத்து, பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த அதே பினாப்தலீன் கரைசலை ஒரு சொட்டு விட்டோம். உடைந்த முகம் முழுவதும் அடர் ரோஜா நிறமாயிற்று. விளிம்பில் மட்டும் மெல்லிய ஒரு கோடு நிறம் மாறாமல் நின்றது. அந்தக் கோடு அளவுக்குத்தான் சுண்ணாம்பு கல்லாகியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு மி.மீ. என்று தோராயமாகச் சொல்வார்கள்.

இடையில் ஒரு நாள் கெல்ம்ஸ்காட் மேனருக்குப் போய் வந்தோம். எங்களுக்குத் தெற்கே தேம்ஸ் கரையோரம், 1570 வாக்கில் கட்டிய கல் பண்ணை வீடு. 1871இலிருந்து கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே கூரையைத்தான் வெகுநேரம் பார்த்தோம். அடியில் பெரிய கல் ஓடுகள், மேலே போகப் போகச் சிறியவை. உச்சியில் உள்ளங்கை அளவுதான். பெரிய ஓடு அரிது, கனமும் அதிகம். அதைக் கீழே சுவரின் தலைமேல் வைத்தால் பாரம் நேராகச் சுவரில் இறங்கும், நீர் அதிகம் ஓடும் இடத்தில் இடுக்கும் குறையும். இந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற ஸ்டோன்ஸ்ஃபீல்டு ஓடுகளைப் பிளந்தது உறைபனி. தோண்டிய கல்லை ஈரம் காயாமல் வைத்திருந்து, உறைபனி இரவு வந்தால் தேவாலய மணியடித்து ஊரையே எழுப்பிக் கல்லைத் திறந்து போட்டு நனைப்பார்களாம். கல்லின் உள்ளே நீர் உறைந்து மெல்லிய பலகைகளாகப் பிளந்துகொடுக்கும். சுவரைக் கெடுக்கும் அதே உறைபனி கூரைக்கு ஓடு செய்து தந்திருக்கிறது.

பர்ஃபோர்டு தேவாலயத்தில் நடந்த ‘புதுப்பிப்பு’ வேலையை 1876இல் பார்த்து மோரிஸ் மனம் நொந்துபோனார். மறு வருடமே கட்டடக் கலைஞர் பிலிப் வெப் முதலியோருடன் சேர்ந்து பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழைய கட்டடத்தை ஏதோ ஒரு காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக முயலாதீர்கள், தினசரிப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்பது அவர்கள் நிலை. எங்கள் கொத்தனார் அந்த வழிக்காரர். குழிந்த கல்லை அவர் மாற்ற விடாததன் காரணம் எனக்கு அங்கேதான் முழுதாகப் பிடிபட்டது. அது குழிந்தது சிமெண்ட் செய்த காரியம். சிமெண்டை எடுத்துவிட்ட பிறகு அது குழிவதற்கு வேலையில்லை.

மேற்குச் சுவர் இப்போது மழையில் கருத்து நனைகிறது, காற்றடித்த அரை நாளில் வெளுத்துவிடுகிறது. உள்ளே உப்புப் பூத்த ஜிப்சம் பூச்சையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் கல் தெரியும் வரை உரித்துவிட்டோம். உடனே சுண்ணாம்புப் பூச்சுப் பூசவில்லை. கனமான சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம்தான் உலரும் என்பது இங்குள்ள கணக்கு; இரண்டு பக்கமும் திறந்திருந்தாலும் அடுத்த கோடை வரை பொறுக்க வேண்டும். அதுவரை குளிர்காலத்தில் அடுப்பை மூட்டி, பகலில் சன்னலைத் திறந்து வைக்கிறோம். கிழக்குச் சுவரில் சிமெண்ட் இன்னும் கல்லோடு இறுகப் பிடித்திருக்கிறது. அங்கே உளி வைத்தால் கல்லின் முகமும் கூடவே வந்துவிடும். அதனால் தானாகத் தளர்ந்த இடங்களை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு வைத்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டிருக்கிறோம். வடக்குச் சுவரை ஏப்ரலில் தொடங்குகிறோம்.